எடின்பரோவில் நாங்கள் போட்ட ஏலம்

1

பாளையங்கோட்டையில் எங்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று தபால்களில் தெரிகிறது. என் மகள் எஸ்தரின் அப்பா கணக்கு வாத்தியார் வேலையை உதறிவிட்டு லண்டனில் வட்டிக்கடை வைக்கப் போகிறாராம் என்பது ஒரு பேச்சு. அதெல்லாம் இல்லை, படிப்பு ஏறாமல் மூட்டை கட்டுகிறார்களாம் என்பது இன்னொரு பேச்சு. என் தங்கை இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி, "எது நிசம்க்கா? தண்ணி எடுக்கப் போற எடத்துல பதில் சொல்ல முடியல" என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறாள்.

தனித்தனியாகப் பதில் எழுதினால் என் கை ஒடிந்துபோகும். அதனால்தான் நம் சபைப் பத்திரிகையைப் பிடித்தேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். தூத்துக்குடியில் நாங்கள் கப்பல் ஏறி இன்றோடு இரண்டு வருஷம் முடிகிறது. நல்ல நாளும் அதுவுமாக நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும். என் வீட்டுக்காரர் பெயரை நான் எழுதமாட்டேன்; ‘அவர்’ என்றால் அவர்தான். பாளையங்கோட்டையில் அதைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? இங்கே பெண்கள் நடுத்தெருவில் நின்று புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். புருஷன்மாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.

2

நாங்கள் குடியிருப்பது மிசஸ் மக்ளீன் என்ற விதவை அம்மாளின் வீட்டு மாடியில். இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் மலைமேல் கோட்டை தெரியும். மூடுபனி இருந்தால் அதுவும் தெரியாது. வெயில் அடித்தால் தெருவில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் அதைச் செய்தியாகச் சொல்லிக்கொள்வார்கள். நம் ஊரில் வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் பைத்தியம் என்றல்லவா நினைப்போம்!

காலையில் இவர்களுக்கும் கஞ்சிதான். ஓட்ஸ் என்ற தானியத்தில் காய்ச்சி உப்புப் போட்டுக் குடிக்கிறார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது. பாவமாக இருக்கிறதே என்று வந்த புதிதில் நான் கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை மிசஸ் மக்ளீனுக்கு வைத்தேன். அந்த அம்மாள் வாயில் போட்டார், எழுந்தார், மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பயந்துபோனேன். பைய எழுந்து வந்து, "இன்னொரு துண்டு கிடைக்குமா?" என்று கேட்டார். அன்றையிலிருந்து அவர் எங்களுக்குச் சொந்தக்காரி.

அவருடைய உயிர் பின்புறத் தோட்டத்தில் இருக்கிறது. மாரோ என்று ஒரு காய் போடுகிறார். நம் சுரைக்காய்க்குப் பங்காளி முறை வேண்டும், பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது. தேயிலைச் சக்கையை ஊறவைத்து அதற்கு ஊற்றுவதும், ராத்திரிக் குளிருக்குச் சாக்குப் போட்டு மூடுவதுமாக, பிள்ளை வளர்க்கிற மாதிரிதான் வளர்த்தார்.

பிள்ளை என்றதும் எஸ்தர் ஞாபகம் வருகிறது. கப்பல் ஏறும்போது அவளுக்கு மூன்று வயது. வாய் ஓயாமல் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. அதுவும் இந்த ஊர் இங்கிலீஷ்.

"ஏட்டி, சாப்பிட்டியா?" என்று கேட்பேன்.

"ஐ" என்பாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆமாம் என்பது அதுதான்.

அவருக்கு இது வேடிக்கை. சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. நான் பெண் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். என் வயிற்றில் பிறந்தது "அம்மா" என்ற ஒரு வார்த்தையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறதே என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

3

இனி லண்டன் விஷயம். அவர் இங்கே சர்வகலாசாலையில் படிக்க வந்தது கணிதம். இன்னும் ஒரு வருஷம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் பழைய பள்ளிக்கூடத்திலேயே பெரிய வாத்தியார் வேலை. இதுதான் எல்லாருமாகப் பேசி முடிவு செய்தது.

போன மழைக்காலத்தில் யாரோ ஒரு சிநேகிதர் கூப்பிட்டார் என்று வங்கி, நாணயம், கடன் இவற்றைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசுவதைக் கேட்கப் போனார். வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் மாப்பிள்ளைக் களை. அடுத்த வாரமும் போனார். கணிதப் புத்தகம் மேசையில் தூசி பிடிக்க ஆரம்பித்தது.

அவருக்கு இதில் ஏன் இவ்வளவு ஆசை என்பது உங்களில் சிலருக்காவது தெரியும். சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி முறிந்ததே, அதில் நம் பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், விதவைகள், உபதேசியார்கள் எத்தனை பேர் போட்டுவைத்த பணத்தை இழந்தார்கள்! என் மாமனாரும் அதில் ஒருவர். மாமா வழக்கம்போல மாலையில் ஆற்றங்கரைக்கு நடந்துவிட்டு வருவார். இவர்தான் பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து, "அவ்வளவு பெரிய கம்பெனி எப்படிவே ஒரே நாள்ல முறியும்? அதுக்கு முந்தின நாள் யாருக்கும் தெரியாமலா இருந்துது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்தப் பதில் இங்கே ஒரு பாடமாக இருக்கிறது என்று தெரிந்ததும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. பேராசிரியர் சொன்னாராம்: "இங்கே இது ஒரு சிறு பாடம். லண்டனில் இதற்கென்றே ஒரு பட்டம் இருக்கிறது. அங்கே மாறிக்கொள். முடித்தால் ஒரு நல்ல வங்கியில் வேலையும் கிடைக்கும்." ஆனால் மூன்று வருஷம் ஆகும்.

எழுதிக் கேட்டோம். இங்கே படித்ததைக் கணக்கில் சேர்ப்பார்களா என்று லண்டன் ஆபீஸில் கேட்டால், எடின்பரோவை விட்டுவிட்டதாகச் சீட்டு வேண்டும் என்றார்கள். எடின்பரோ ஆபீஸில் போய் நின்றால், லண்டனில் சேர்த்துக்கொண்டதாகச் சீட்டு கொண்டுவந்தால்தான் விடுவோம் என்றார்கள். இந்தச் சீட்டுக்கு அந்தச் சீட்டு, அந்தச் சீட்டுக்கு இந்தச் சீட்டு! நம் தாலுகா கச்சேரியை இனிமேல் யாரும் என்னிடம் குறை சொல்லாதீர்கள். கடைசியில் லண்டன் ஆபீஸில் ஒரு குமாஸ்தாவுக்கு மனம் இரங்கி, புரட்டாசி முடிவதற்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று பதில் வந்தது.

அந்த ஒரு வரியைத்தான் அவரால் எழுத முடியவில்லை.

4

மாமா எழுதிய கடிதத்தில், "வட்டித் தொழிலுக்கா உன்னைக் கடல் தாண்டி அனுப்பினோம்?" என்று இருந்தது. அதைப் படித்ததும் இவர் கணிதப் புத்தகத்தைத் தூசி தட்டினார். மறுநாள் பேராசிரியரைப் பார்த்தார், திரும்பவும் லண்டன். கடுமையான கணக்கையெல்லாம் நின்றபடியே போட்டுவிடுகிற மனுஷனுக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

"கிருபை, நீ என்ன சொல்லுத?" என்பார்.

"உங்க இஷ்டம்."

"என் இஷ்டம் கிடக்கட்டும். உன் இஷ்டம் என்ன?"

"அதான் சொல்லிட்டேன்லா, உங்க இஷ்டம்."

கோடைக்காலம் முழுக்க இந்த ‘இஷ்டம்’ மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. நான் நல்ல பெண்டாட்டியாக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு உள்ளே எரிச்சல். ஏன் என்று இதுவரை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். வருகிற வருஷம் நான் திரும்பினால் பெண் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாரம்மா வேலை எனக்கு. மிஷன் துரைசாணி அம்மாள் எனக்காக அந்த இடத்தை நிறுத்திவைத்திருக்கிறார். லண்டன் என்றால் அது போயிற்று. மூன்று வருஷம் யார் காத்திருப்பார்கள்? எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசையாக இருந்தது. வேண்டும் என்று வாய் திறந்து சொன்னால் அவர் அந்த நிமிஷமே லண்டனை விட்டுவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். போங்கள் என்று சொன்னால் நான் ஆயுசுக்கும் பெருமூச்சு விடுவேன். ஆகவே பாத்திரங்களை ஓசைப்படுத்திக்கொண்டு இருந்தேன்.

மிசஸ் மக்ளீன் கீழேயிருந்து, "பூனை ஏதாவது உள்ளே வந்துவிட்டதா?" என்று கேட்பார்.

5

இந்த நிலைமையில் இங்கே அறுப்பின் பண்டிகை வந்தது. நம்மைப் போலவே இவர்களும் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, திங்கட்கிழமை மத்தியானம் பக்கத்துக் கூடத்தில் அவற்றை ஏலம் போட்டு, வருகிற பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்களாம். ஏலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

நம் ஊர் ஏலத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இருந்தாலும் அந்த ஒரு வருஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏலம் கூறுகிற அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிப்போன வருஷம். பந்தல் நிறைய ஜனம். வாழைத்தாரும் கருப்பட்டியும் முருங்கைக்காய்க் கட்டும் குவிந்து கிடக்கிறது. கூற ஆள் இல்லை. யாரோ இவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். கல்யாணமாகிச் சில மாதம்தான். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட மெதுவாகக் கேட்கிறவர். இவரா என்று நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

களக்காட்டு மாமா கொண்டுவந்த சேவலைத் தூக்கிப் பிடித்தாரே பார்க்கலாம்! "ஏலே, சேவலைப் பாருங்கலே! விடியக்காலம் இது கூவலேன்னா களக்காட்டுல விடியுதே இல்லவே! கேளும் அண்ணாச்சி, மீசை மட்டும் இருந்தாப் போதுமா?" பந்தல் அதிர்ந்தது. மீசை அண்ணாச்சி காசைக் கொடுத்து எடுத்தார்; மறுபடியும் கூறட்டும் என்று எடுத்ததைத் திரும்ப மேசைமேல் வைத்தார். அடுத்தவர் எடுத்தார், அவரும் வைத்தார். முதல் கேள்வியிலேயே பொருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறவன் சந்தைக்கு வந்தவன், கோயிலுக்கு வந்தவன் இல்லை என்பது நம் வழக்கம் அல்லவா? அந்தச் சேவல் அன்று எத்தனை பேர் கையில் ஏறி இறங்கியதோ, பாவம், சாயங்காலம் அதற்குக் கூவத் தெம்பில்லை.

அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த களையை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை, அந்த வங்கிப் பாடம் கேட்டுவிட்டு வந்த நாள் வரைக்கும்.

6

திங்கட்கிழமை கூடத்துக்குப் போனோம். ஏலம் கூறியவர் மிசஸ் மக்ளீனின் தம்பி மிஸ்டர் ராப். மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுவதுதான் அவருக்குத் தொழில். ஆனால் கோயில் கூடம் என்பதாலோ என்னவோ தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு கூறினார். ஜனங்களும் விரலை மட்டும் அசைத்துக் கேட்டார்கள். துக்க வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

மிசஸ் மக்ளீனின் மாரோ வந்தது. நான் கையைத் தூக்கினேன். வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு ஷில்லிங்குக்கு எனக்கே விழுந்தது. எழுந்து போனேன், காசைக் கொடுத்தேன், காயை வாங்கினேன், கை வழக்கமாக என்ன செய்யுமோ அதைச் செய்தது. காயைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

 மிஸ்டர் ராப் காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பக்கத்தில் மிசஸ் மக்ளீனின் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, கண்ணில் நீர் முட்டியது. "அழுகல் ஏதாவது இருந்ததா? புழுவா?" என்று என்னிடம் கேட்டார். ஐயோ! ஊரே பார்க்க, கோடை முழுக்க வளர்த்த பிள்ளையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவளாகிவிட்டேன் நான். எனக்கு இங்கிலீஷ் மொத்தமும் மறந்துபோயிற்று. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவர்தான் எழுந்தார். எங்கள் ஊரில் நல்ல பொருளைத்தான் திரும்ப வைப்போம், எவ்வளவு நல்லதோ அத்தனை தடவை என்று விளக்கினார். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது மிஸ்டர் ராப்புக்கு. தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பது வருஷமாக ஏலம் கூறுகிறேன், இப்படி ஒரு நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லையே! இங்கே வந்து கூறிக் காட்டு பார்க்கலாம்" என்று சுத்தியலை நீட்டினார்.

மாட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன். கோட்டைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டுப் போய்விட்டார். "அம்மாமாரே, ஐயாமாரே, இந்தக் காயைப் பாருங்கள்! தேயிலைத் தண்ணீர் குடித்து வளர்ந்த காய்! உங்களில் எத்தனை பேருக்குத் தினமும் தவறாமல் தேநீர் கிடைத்தது?" இங்கிலீஷில் ஆரம்பித்தவர் போகப் போகத் தமிழுக்கு வந்துவிட்டார். "ஒரு தரம்! கேளும்வே, சும்மா இருந்தா எப்படி? ரெண்டு தரம்!" யாருக்கு என்ன புரிந்ததோ தெரியாது, கைகள் மேலே போயின. வாங்கியவர் திரும்ப வைத்தார், அடுத்தவர் வாங்கினார். கூடத்தில் ஒரே கூச்சல். எஸ்தர் பெஞ்சுமேல் ஏறி நின்று, "ரெண்டு தரம்! ரெண்டு தரம்!" என்று கத்தினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவோ நாளைக்கப்புறம் என் பிள்ளையின் வாயில் தமிழ்.

கடைசியில் மிசஸ் மக்ளீனே எழுந்து, "போதும், என் காயை எனக்குக் கொடுங்கள்" என்று எல்லாரையும்விட அதிகம் கேட்டு எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது, ஏலம் கூறிக் கூறி அவருக்குத் தொண்டை கரகரத்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. "பாத்தியா கிருபை? நம்ம ஏலத்துல யாரு கேட்டா, யாரு குடுத்தா, எல்லாம் பந்தல்ல உள்ள அத்தனை பேருக்கும் தெரியுது. சென்னைக் கம்பெனிக்குள்ள என்ன நடந்துதுன்னு காசு போட்டவனுக்கே தெரியல. அதான் முறிஞ்சுது. எல்லாரும் பாக்க நடக்குத மாதிரி ஒரு வங்கி வேணும். அதை எப்படி நடத்தணும்னு படிக்கணும். அது வட்டிக்கடையா? சொல்லு, வட்டிக்கடையா அது?"

"என்கிட்ட ஏன் கத்துதிய? நானா சொன்னேன்?" என்றேன். ஆனால் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இவர் போக வேண்டிய இடத்துக்கு மனசால் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நான் என்ன ஆவேன் என்பதுதான் பாக்கி.

7

மறுநாள் காலை கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது மிசஸ் மக்ளீன் மாடியேறி வந்தார். கையில் அந்த மாரோ. எங்கள் மேசை நடுவில் வைத்துவிட்டு, "உங்கள் ஊர் வழக்கப்படி திரும்ப வைத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

எஸ்தருக்கு அது போதுமே. நாற்காலிமேல் ஏறினாள். கஞ்சிக் கரண்டிதான் சுத்தியல். "ஒரு தரம்!" என்று மேசையைத் தட்டினாள்.

"காயைக் கூறாதட்டி. அதை நான் கூட்டு வைக்கப் போறேன்" என்றேன். "லண்டனைக் கூறு."

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"லண்டன் ஒரு தரம்!" என்றாள் எஸ்தர்.

"கேளுங்க" என்றேன் அவரிடம். "நேத்து அத்தனை பேருக்கு மத்தியில அந்தக் கத்து கத்தினிய. இப்ப கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார், காயைப் பார்த்தார். "எனக்கு லண்டன் வேணும்" என்றார். கோடை முழுக்க வராத வார்த்தை. குரல் கிசுகிசு என்றுதான் வந்தது. தொண்டை கட்டியதாலா, வேறெதனாலா தெரியாது. "மூணு வருசம் ஆவும் கிருபை. உனக்கு என்ன வேணும்? ‘உங்க இஷ்டம்’னு சொன்னா இந்தக் காயாலயே அடிப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. தலைமை வாத்தியாரம்மா வேலையைப் பற்றி அப்போதுதான் அவரிடம் முழுக்கச் சொன்னேன். நிறுத்திவைத்திருக்கிற விஷயமே அவருக்குத் தெரியாது. நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்போ ஊருக்கே போவோம்" என்று எழுந்தார்.

"உக்காருங்க. ஏலம் நடக்கும்போது எந்திரிக்கப்படாது. இனி என் கேள்வி. லண்டன் போனா நான் மாடியில உக்காந்து மழையைப் பாக்கமாட்டேன். அங்கன வாத்தியாரம்மா பயிற்சி இருக்குன்னு மிசஸ் மக்ளீன் சொன்னாவ. நானும் படிப்பேன். வேலை போனாப் போவுது, அதைவிடப் பெரிய வேலை கேப்பேன்."

"சம்மதம்."

"வீட்டுக்குள்ள பிள்ளைகிட்ட தமிழ்தான். நீங்க சிரிக்கப்படாது."

"சம்மதம்."

"லண்டன் ரெண்டு தரம்!" என்றாள் எஸ்தர். கஞ்சி என் முகத்தில் தெறித்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. பெரிய வங்கியில பெரிய நாற்காலி குடுத்தாலும் அங்கனயே உக்காந்துரக்கூடாது. நம்ம ஏலம்னா எடுத்ததைத் திரும்ப மேசையில வைக்கணும். படிச்சதை எடுத்துட்டு வந்து பாளையங்கோட்டையில வைக்கணும். மாமா பாக்க, பந்தல்ல உள்ள அத்தனை பேரும் பாக்க."

அவர் மேசைமேல் கிடந்த என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்டப்பகலில், பிள்ளைக்கு முன்னால்! கரண்டியைத் தூக்கிய கையோடு எஸ்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவது அவளுக்குத் தெரியவில்லை. கூடத்தில் அதைச் சுத்தியலும் கூச்சலும் விழுங்கிவிட்டிருந்தன.

"மூணு தரம்" என்று நான் சொன்னேன்.

"மூணு தரம்!" என்று அவள் கரண்டியால் ஓங்கி அடித்தாள். "அம்மா, முடிஞ்சுட்டு!"